கடுகளவு மச்சம்

முதல் பெட்டியில் இருந்த முப்பத்தாறு ஸ்லைடுகளில் முப்பத்து மூன்று, பாலங்கள். கட்டி முடித்த பாலம், பாதியில் நிற்கும் பாலம், வெள்ளம் அடித்துக்கொண்டு போன பாலத்தின் ஒற்றைக் கால். கடைசி மூன்றில் சிட்டு இருந்தாள்.

சிட்டு என் கணவரின் முதல் மனைவி. அது அவர் வைத்த செல்லப் பெயர். ஆள் அவ்வளவு சின்னதாம். அவள் இறந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. நான் அவருக்கு மனைவியாகி இரண்டரை வருடம்.

அவர் சாலைத் துறையில் சர்வேயராக இருந்தவர். அந்தக் காலத்தில் வேலை நடந்ததற்கு அத்தாட்சியாக ஸ்லைடு எடுத்து அனுப்பவேண்டுமாம். ஆபீஸில் கொடுக்கும் ஃபிலிம் சுருளில் முப்பத்து மூன்றை வேலைக்குச் செலவழித்துவிட்டு, வால்பகுதி மூன்றை வீட்டுக்கு என்று வைத்துக்கொள்வார். ஆபீஸுக்கு ஒரு செட் அனுப்பி, தனக்கு ஒரு செட். இப்படிப் பதினெட்டுப் பெட்டிகள். மூன்று பதினெட்டு ஐம்பத்து நாலு. பெட்டிகளைத் திறப்பதற்கு முன்பே இந்தக் கணக்கைப் போட்டுவிட்டேன்.

புரொஜெக்டர் பல்பு போய் இருபது வருடம் ஆகிவிட்டது. அந்த பல்பு இப்போது எங்கேயும் கிடைப்பதில்லை. அன்றிலிருந்து பெட்டிகளை யாரும் திறக்கவில்லை. வெளியூரில் இருக்கும் அவர் மகள்தான் ஒரு ஸ்கேனரை வாங்கி அனுப்பிவிட்டு, எனக்கு ஃபோன் செய்தாள்.

"சித்தி, எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்திடுங்க. நான் அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை வர்றேன். அப்பாகிட்ட குடுத்தா அடுத்த வருஷம்தான் முடியும். உங்களுக்கு ஸ்லைடுன்னா பழக்கம்தானே?"

பழக்கம்தான். ரத்தப் பரிசோதனை லேபில் இருபத்தேழு வருடமாக டெக்னீஷியன் வேலை. கண்ணாடி ஸ்லைடில் தடவிய ஒரு சொட்டு ரத்தத்தில் எது செல், எது சாயத் துணுக்கு, எது வெறும் தூசி என்று பார்த்துப் பார்த்தே கண் தேய்ந்தவள். இவர் சர்க்கரை பார்க்க மாதாமாதம் வருவார். பன்னிரண்டாவது தடவை குத்தும்போது, "வலிக்காம குத்தறதுக்கு ஒரு நன்றி சொல்லணும், டீ குடிக்க வரீங்களா" என்று கேட்டார். அப்போது எனக்கு ஐம்பது வயது. அம்மாவைப் பார்த்துக்கொண்டதில் கல்யாண வயது எப்போது தாண்டியது என்றே எனக்குத் தெரியாது. அவரிடம் இருப்பதுபோல் என்னிடம் எந்தப் பெட்டியும் இல்லை.

காலையில் லேப். பகல் இரண்டு மணிக்கு மேல் சாப்பாட்டு மேஜையில் வேலை ஆரம்பமாகும். வெள்ளைப் பருத்திக் கையுறை, ரப்பர் பந்து போன்ற புளோயர், மெல்லிய பிரஷ், தண்ணீர் கலக்காத ஸ்பிரிட், பஞ்சுக் குச்சி, கீழிருந்து வெளிச்சம் வரும் லைட் பாக்ஸ், கண்ணில் வைத்துப் பார்க்கும் லென்ஸ். ஸ்லைடின் ஒரு பக்கம் பளபளக்கும், மறு பக்கம் மங்கலாக இருக்கும். படம் தங்கியிருப்பது மங்கல் பக்கத்தில். அங்கே அழுத்தித் துடைத்தால் நிறம் பஞ்சோடு வந்துவிடும். முதல் நாளே அவர் ஆசையாக ஒரு ஸ்லைடை எடுத்து, கட்டை விரலை நட்ட நடுவில் வைத்தார்.

"கீழ வைங்க."

"பாலத்தைத்தானம்மா தொட்டேன்."

"நாளைக்கு அந்தப் பாலத்து மேல உங்க ரேகை ஓடும். இனிமே இந்த மேஜைப் பக்கம் வரக்கூடாது. சாயங்காலம் கம்ப்யூட்டர்ல பாத்துக்குங்க."

"சரிங்க, டெக்னீஷியன் அம்மா."

அவளுக்குச் சிட்டு. எனக்கு டெக்னீஷியன் அம்மா.

முதல் பெட்டியில் அவள் ஒரு சின்னப் பாலத்தின் கைப்பிடிச் சுவரை ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் சிவப்பும் வெள்ளையுமாக சர்வேயர் அளவுகோல். வேலைக்குப் போகிற இடத்துக்கெல்லாம் அவளையும் கூட்டிப் போயிருக்கிறார். நான் அவரோடு சேர்ந்து போன தூரம், கண் ஆஸ்பத்திரி வரைக்கும்தான்.

பூஞ்சை பிடித்த ஸ்லைடுகளும் இருந்தன. வலைபோல மெல்லிய இழைகள் படர்ந்திருக்கும். அவை பாலத்தின் மேல் இருந்தால் எனக்கு ஒன்றுமில்லை. சிட்டுவின் முகத்தில் இருந்தால் என் கை ஒரு நிமிடம் நிற்கும். இப்படியே விட்டால் என்ன என்று தோன்றும். பிறகு ஸ்பிரிட்டைத் தொட்டு, ஒரே திசையில், மெதுவாகத் துடைத்துவிடுவேன். வேலை வேலைதான். துடைக்கத் துடைக்க அவள் சிரிப்பு தெளிவாகி என்னைப் பார்க்கும். இல்லை, என்னை இல்லை. லென்ஸுக்கு அந்தப் பக்கம் நின்றவரை.

இரண்டாவது நாள், செவ்வாய்க்கிழமை. இரண்டாவது பெட்டியில் சிட்டு முகம் பெரிதாகத் தெரியும் படம் ஒன்று. கீழுதட்டுக்குக் கீழே, இடது ஓரத்தில் கடுகு மாதிரி ஒரு கறுப்புப் புள்ளி. புளோயரால் ஊதினேன். போகவில்லை. பிரஷ்ஷால் தட்டினேன். போகவில்லை. பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து ஒரு தடவை ஓட்டினேன். அப்படியே இருந்தது. அடுத்த ஸ்லைடை எடுத்து லென்ஸில் பார்த்தேன். அதிலும் அதே இடம்.

அது தூசி இல்லை, மச்சம். இருபத்தேழு வருட அனுபவம் உள்ள எனக்கு அது தெரிய மூன்று முயற்சி ஆனது.

ஸ்கேனரில் போட்டேன். திரையில் முகம் வந்தது. மச்சம் இல்லை.

ஒரு நிமிடம் எனக்கே புரியவில்லை. பிறகு தெரிந்தது. ஸ்கேனர் புரோகிராமில் 'தூசி நீக்கு' என்று ஒரு கட்டம் உண்டு. நேரம் மிச்சம் என்று முதல் நாளே அதை டிக் செய்து, அளவை 'அதிகம்' என்று வைத்திருந்தேன். சின்னதாக, கறுப்பாக, தனியாக எது தெரிந்தாலும் அதைத் தூசி என்று முடிவுகட்டி, பக்கத்துத் தோல் நிறத்தை எடுத்து அதன் மேல் பூசிவிடும். என்னைவிடச் சுறுசுறுப்பு.

டிக்கை எடுத்திருக்கலாம். ஒரு தட்டு தட்டினால் போதும். மவுஸ் கையில்தான் இருந்தது. கூடத்தில் மாட்டியிருக்கும் சிட்டுவின் படத்தைப் பார்த்தேன். ஸ்டுடியோக்காரர் உதட்டுக்கு ரோஜா நிறம் பூசி, முகத்தை மைதா மாதிரி மழமழவென்று ஆக்கிவிட்ட படம். அதிலும் மச்சம் இல்லை. அங்கே இல்லாதது இங்கேயும் இல்லாமல் போனால் யாருக்கு என்ன என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, அடுத்த நாலு ஸ்லைடை ஸ்கேனரின் சட்டத்தில் அடுக்கினேன்.

அன்று சாயங்காலம் அக்காவிடம் ஃபோனில் புலம்பினேன், மச்சத்தை மட்டும் விட்டுவிட்டு.

"அம்பத்து நாலு படம் அக்கா. குளிக்கிற நேரம் தவிர எல்லா நேரமும் எடுத்திருக்காரு."

"செத்துப் போனவகிட்ட உனக்கு என்னடி போட்டி?"

"உயிரோட இருந்தா சண்டை போட்டிருப்பேன். இவ சண்டைக்கே வரமாட்டேங்கறா. சிரிச்சுக்கிட்டே நிக்கறா."

"உன்னை அவரு எடுத்ததே இல்லையா?"

"அவர் ஃபோனைப் பாத்தேன். இருநூத்திப் பன்னெண்டு படம். மின் மீட்டர், மாத்திரை அட்டை, மோட்டார் லேபிள். மோட்டார் லேபிளைப் பிடிச்சுக்கிட்டு இருக்கறது என் கை."

அக்கா சிரித்த சிரிப்பில் ஃபோன் கீழே விழுந்திருக்க வேண்டும். கட்டாகிவிட்டது.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் ஒரு வேதனை ஆரம்பித்தது. டீ டம்ளரோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவார். பாலங்களை மடமடவென்று தள்ளுவார். சிட்டு வந்ததும் கை நின்றுவிடும். முகத்தைப் பெரிதாக்குவார். இன்னும் பெரிதாக்குவார். திரை முழுக்க ஒரு கன்னமும் பாதி உதடும் இருக்கும். அப்படியே பார்த்துக்கொண்டிருப்பார். டீ ஆடை கட்டிப் போகும்.

"டீ ஆறுது."

"ம்."

"நாளைக்கும் அவ அங்கேயேதான் இருப்பா. குடிச்சிட்டுப் பாருங்க."

சாதாரணமாக இதற்கு ஒரு பதில் வைத்திருப்பார். இப்போது பேசாமல் ஒரு மடக்குக் குடித்துவிட்டு மறுபடியும் பெரிதாக்குவார். என்னை ஒரு நாளாவது இப்படிப் பெரிதாக்கிப் பார்த்திருப்பாரா என்று வயிறு எரியும். அந்த எரிச்சலில், டிக்கை எடுக்கலாம் என்று நினைத்திருந்த நாள்களில்கூட எடுக்காமல் விட்டேன்.

என்னை அதிகமாகக் கஷ்டப்படுத்திய ஸ்லைடு பதினோராவது பெட்டியில் இருந்தது. பழைய வீட்டுச் சமையலறை. ஒரு மர ஸ்டூலின் மேல் ஏறி, கால் விரல்களில் எம்பி, அலமாரியின் மேல் தட்டில் இருக்கும் டப்பாவுக்குக் கை நீட்டுகிறாள் சிட்டு. அந்த நிலையிலேயே திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறாள். ஒரு காலின் கொலுசுக் கொக்கி ஸ்டூல் விளிம்பில் தொங்குகிறது. யாரோ கூப்பிட்டுத் திரும்பிய சிரிப்பு இல்லை. அவர் அங்கே நிற்பது தெரிந்தே இருக்கிறவளின் சிரிப்பு. அந்த ஸ்லைடை லைட் பாக்ஸில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். என் வாழ்க்கையில் நான் டப்பா எடுப்பதை யாரும் நின்று பார்த்ததில்லை.

இரண்டாவது வெள்ளிக்கிழமை பகலில் கடைசிப் பெட்டியை முடித்துவிட்டேன். அவர் சீக்கிரமே வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். வழக்கம்போல் ஒரு முகம், பெரிதாகி, இன்னும் பெரிதாகி. நான் பஞ்சுக் குச்சிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். சிரிக்கக் கூடாது."

"கேளுங்க."

"எங்க அண்ணனுக்கு மறதி வந்துச்சில்ல. முதல்ல எப்படி ஆரம்பிச்சுதுன்னு நான் சொல்லியிருக்கேனா?"

"வீட்டு வழி மறந்துட்டாருன்னு சொன்னீங்க."

"அது அப்புறம். முதல்ல, இல்லாததெல்லாம் இருந்துச்சுன்னு சாதிப்பாரு. எங்க வீட்ல கிணறு இருந்துச்சும்பாரு. கிணறே கிடையாது." கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "எனக்கும் ஆரம்பிச்சிடுச்சு போல."

நான் குச்சிகளைக் கீழே வைத்தேன்.

"சிட்டுவுக்கு இங்க ஒரு மச்சம் இருந்ததா நெனச்சுக்கிட்டிருந்தேன்." தன் கீழுதட்டின் கீழே விரலை வைத்துக் காட்டினார். "சத்தியம் பண்ணிச் சொல்வேன், அவ்வளவு நிச்சயமா. ஸ்டுடியோ படத்துல அந்த ஆளு அழிச்சிட்டான், ஸ்லைடுல இருக்கும்னு நம்பிக்கிட்டிருந்தேன். பத்து நாளா ஒவ்வொண்ணாப் பாக்கறேன். ஒண்ணுலகூட இல்ல. பொண்ணுகிட்டக் கேக்கலாம்னா, அம்மா முகத்தையே மறந்துட்டியாப்பான்னு கேப்பா. இல்லாத மச்சத்தை நானா எங்கேருந்து கொண்டு வந்தேன், சொல்லு?"

அவர் அவள் முகத்தில் மயங்கிக் கிடக்கவில்லை. பத்து நாளும் பயந்து போய்த் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்.

இரண்டாவது பெட்டியைத் திறந்து அந்த ஸ்லைடை எடுத்தேன். லைட் பாக்ஸை அவர் முன்னால் வைத்து, சுவிட்சைப் போட்டு, லென்ஸைக் கொடுத்தேன். அவர் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

"இருக்கு," என்றார், உள்ளே போன குரலில்.

"கம்ப்யூட்டர் அதைத் தூசின்னு நெனச்சு அழிச்சிடுது. அப்படி ஒரு வசதி அதுல இருக்கு."

அவர் முகத்தில் ரத்தம் திரும்பியது. அதோடு விட்டிருந்தால் போதும். பாவம் மெஷின், அதற்கென்ன தெரியும் என்று சிரித்திருப்போம். ஆனால் அவர் கேட்டார், சாதாரணமாகத்தான் கேட்டார்.

"உனக்கு இன்னிக்குத்தான் தெரிஞ்சுதா?"

வாய் திறந்து பொய் சொல்ல வேண்டியதே இல்லை. ஆமாம் என்று தலையாட்டினாலே போதும்.

"போன வாரம் செவ்வாய்க்கிழமையே தெரியும்."

அவர் லென்ஸைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"தெரிஞ்சுமா விட்ட?"

"ஆமா."

"ஏம்மா?"

அந்த 'ஏம்மா'வில் கோபம் இருந்திருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். இல்லாததால் எல்லாம் கொட்டிவிட்டது. "ரோலுக்கு மூணு படம் எடுத்து வச்சிருக்கீங்களே, பதினெட்டு ரோலு. எல்லாத்தையும் நான்தான் துடைக்கணும். அவ பளபளன்னு ஆக ஆக நான் மங்கிக்கிட்டே போறேன். ஒரு புள்ளி, ஒரே ஒரு புள்ளி அவகிட்ட இல்லாம இருக்கட்டும்னு விட்டேன். நீங்க அதைத்தான் தேடறீங்கன்னு எனக்குத் தெரியாது. உங்க அண்ணன் நெனப்பு வரும்னும் தெரியாது."

அவர் எழுந்தார். செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். ஒரு மணி நேரம் கழித்து வந்தார். சாப்பாடு போட்டேன். சாப்பிட்டார். "உப்பு" என்றார், கொடுத்தேன். அன்று எங்களுக்குள் அந்த ஒரு சொல்தான்.

சனிக்கிழமை லேபுக்கு லீவு சொல்லிவிட்டேன். காலையிலேயே மேஜையை விரித்து, 'தூசி நீக்கு' கட்டத்தில் டிக்கை எடுத்தேன். ஐம்பத்து நாலையும் திரும்ப எடுக்கவேண்டும். பாலங்களுக்கு மச்சம் கிடையாது என்பதால் அவை தப்பித்தன. மெஷின் உதவி இல்லை என்றதும் உண்மையான தூசியெல்லாம் திரையில் வந்து நின்றது. அதுவரைக்கும் நான் எவ்வளவு மேம்போக்காகத் துடைத்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. ஒவ்வொன்றையும் லென்ஸில் வைத்து, ஊதி, பார்த்து, மறுபடி ஊதி, மச்சத்தை மட்டும் தொடாமல் சுற்றி வரவேண்டியிருந்தது.

பதினொரு மணிக்கு நாற்காலி இழுபடும் சத்தம். எதிரில் உட்கார்ந்து கையை நீட்டினார்.

"கையுறை குடு."

கொடுத்தேன். புளோயரை எடுத்துக்கொண்டார். நான் ஸ்லைடைப் பிடிக்க, அவர் ஊதினார். முப்பது ஸ்லைடு இப்படியே போனது. பாலத்தின் பக்கத்தில் அளவுகோலோடு அவள் நிற்கும் படம் ஒன்று வந்ததும், தனக்குத்தானே பேசுவதுபோல் சொன்னார்.

"ஆபீஸ் செட்டுலயும் இவ இருக்கா. பாலம் என்ன உயரம்னு தெரிய ஒரு ஆளை நிறுத்தணும். உதவியாளு வரலைன்னா இவ. நாலடி பதினொண்ணு. கணக்குப் போட வசதி."

"அப்ப அளவுகோலைத்தான் கல்யாணம் பண்ணியிருக்கீங்க."

அவர் உதடு லேசாக அசைந்தது. கொஞ்சம் தைரியம் வந்தது எனக்கு.

"என் உயரம் என்னன்னு தெரியுமா உங்களுக்கு?"

"அஞ்சடி மூணே கால்." யோசிக்கவே இல்லை.

"எப்ப அளந்தீங்க?"

"அளக்கணுமா? உங்க லேப் கவுண்டர் பின்னால ஜன்னல் இருக்கே. கம்பிக்குக் கம்பி நாலரை அங்குலம். நீ எத்தனாவது கம்பி வரைக்கும் வர்றேன்னு எண்ணினேன். ஊசி போடறப்ப வேற எங்கே பாக்கறது? அப்புறம் இந்த வீட்டுக்குச் சமையல்கட்டு அலமாரி போடறப்ப ஆசாரிகிட்ட மேல் தட்டு ஆறடியில வைன்னேன். எல்லாரும் ஆறரை வைப்பாங்க சார்னான். எங்க வீட்ல அவங்க அஞ்சே கால் அடி, எம்பாம எடுக்கணும்னு சொன்னேன்."

இந்த வீட்டுக்கு வந்த முதல் வாரமே அதைக் கவனித்திருந்தேன். அம்மா வீட்டில் எல்லாவற்றுக்கும் ஸ்டூல் வேண்டும். இங்கே கை தானாகப் போய்ச் சேர்கிறது. கட்டினவன் நல்ல ஆசாரி என்று நினைத்துக்கொண்டேன். இரண்டரை வருடமாக ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கையை நீட்டியிருக்கிறேன்.

எனக்குள் இருந்த பொறாமைக்காரி அப்போதும் தூங்கவில்லை.

"அவளுக்கு எத்தனை அடியில வச்சீங்க?"

அவர் ஊதுவதை நிறுத்தினார்.

"அவளுக்கு வைக்கல. அது வாடகை வீடு, வீட்டுக்காரன் வச்சிருந்த உயரம்தான். ஸ்டூல் போட்டுத்தான் ஏறுவா, பத்தொம்பது வருஷமும். ஊரு பாலமெல்லாம் அளந்தேன். அது எனக்குத் தோணவே இல்ல."

ஐம்பத்து நாலில் ஒன்றிலாவது ஜெயிக்கவேண்டும் என்று இருந்தேன். ஜெயித்துவிட்டேன். ஆனால் பதினோராவது பெட்டியிலிருந்து அந்த ஸ்லைடை எடுத்து லைட் பாக்ஸில் வைத்தபோது, இத்தனை நாளும் நான் சிரிப்பை மட்டுமே பார்த்திருந்தது தெரிந்தது. இப்போது ஸ்டூல் தெரிந்தது. அதன் ஒரு காலுக்கு அடியில் மடித்து வைத்த அட்டை தெரிந்தது. எம்பி எம்பி வெளுத்துப்போன கால் விரல்கள் தெரிந்தன.

"இதுல நல்லா ஊதுங்க," என்றேன். "டப்பா மேலயும் தூசி இருக்கு."

ஊதினார். சட்டத்தில் வைத்து மூடினேன். திரையில் மேலிருந்து கீழாக வரிவரியாக அவள் வந்தாள். நெற்றி, கண், சிரிப்பு, அதற்குக் கீழே, இடது ஓரத்தில், அது.

அவர் விரலை நீட்டித் திரையில் அந்த இடத்தைத் தொட்டார். ரேகை படும் என்று நான் சொல்லவில்லை. மகள் நாளைக்கு வந்து முதலில் அதைத்தான் பார்ப்பாள். பொறாமை போய்விட்டதா என்றால், போகவில்லை. அந்தச் சிரிப்பு இப்போதும் அவரைப் பார்த்துத்தான் சிரிக்கிறது.

டீ போடலாம் என்று எழுந்து சமையலறைக்குப் போனேன். மேல் தட்டில் இருந்த டீத்தூள் டப்பாவுக்குக் கை நீட்டினேன்.

"அப்படியே நில்லு."

வாசலில் கையுறையோடு நின்றுகொண்டிருந்தார். கையில் ஃபோன்.

"எதுக்கு?"

"அலமாரி எவ்வளவு உயரம்னு தெரியணும்ல. ஒரு ஆள் வேணும்."

"தலை வாரல."

"அளவுகோலுக்கு யாரு தலை வாருவா? இந்தப் பக்கம் திரும்பு."

திரும்பினேன். கையுறையோடு தொட்டால் ஃபோன் கேட்கவில்லை. பல்லால் கையுறையை இழுத்துக் கழற்றினார். அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நேரத்தில் எடுத்துவிட்டார்.

"எங்க, காட்டுங்க," என்றேன்.

மின் மீட்டர் படத்துக்கு அடுத்ததாக நான் இருந்தேன்.